வெந்த கண்

சனிக்கிழமை விடிந்ததும் லீமாரோஸ் மண்டபம் ஊர்க் கறிக்கடையில் பிளாஸ்க்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே தேநீர் இல்லை. மீன் கம்பெனியில் கேட்டு வாங்கிய ஐஸ்.

"டீச்சரம்மா, கறி எடுக்காம கண்ண மட்டும் கேட்டா ஆட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்கிறார் கடைக்காரர் சதக்கத்துல்லா.

"குட்டி ஆடா பாத்துக் குடுங்க பாய். கிழட்டுக் கண்ணு வேண்டாம்."

பள்ளியில் அவள் விஞ்ஞான ஆசிரியை. ஒரு புரதத்தின் முழு வடிவத்தையும் எக்ஸ்ரே கொண்டு கண்டுவிட்டார்கள் என்று படித்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. புளியைக் கரைக்கும்போதும் அதுதான். அமினோ அமிலங்கள் வரிசையாய்க் கோத்த சங்கிலி முதல் நிலை. அது திருகாகச் சுற்றுவதோ விசிறியாய் மடிவதோ இரண்டாவது. அதைப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். பிறகு எண்ணெய்க் குணமுள்ள பகுதிகள் தண்ணீருக்கு அஞ்சி உள்ளே ஒதுங்க, எதிரெதிர் மின்னூட்டங்கள் இழுக்க, சிலவற்றில் கந்தகப் பாலமும் விழ, சங்கிலி உருண்டையாகிறது; அது மூன்றாவது. அப்படிப் பல உருண்டைகள் கூடி ஒன்றாவது நான்காவது.

"வலை மாதிரிங்கிற" என்பார் அவள் தகப்பனார் வேதமுத்து. பாய்மரப் படகு ஓட்டியவர். வலக்கண்ணில் முழுப்புரை, இடக்கண்ணில் பாதி.

"வலைய நீங்க முடியுறீங்க அய்யா. இத யாரும் முடியல. தானா மடிஞ்சுக்குது."

அன்று ஆட்டுக்குட்டியின் கண்ணுக்குள்ளிருந்த லென்ஸ் வில்லையை எடுத்து ஐஸில் வைத்தாள். பால்போல் வெளுத்தது. உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றியதும் பளிங்காய்த் தெளிந்தது. வேதமுத்து இடக்கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

மறுநாள் லீமாரோஸ் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்தபோது அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். வறுத்த உப்பைத் துணியில் கட்டி இரண்டு கண்களிலும் மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டிருந்தார். இமைகள் சிவந்து வீங்கியிருந்தன.

"குளுந்து போச்சு, அம்புட்டுதான். ராத்திரிக் கடல்ல எத்தன வருசம் கெடந்தேன். சூடு குடுத்தாத் தெளிஞ்சிரும்ல, ரோசு."

திங்கட்கிழமை இராமநாதபுரத்தில் மதுரை டாக்டர்கள் வந்து புரை எடுக்கிறார்கள். அவர் பெயரை ஏற்கெனவே கொடுத்திருந்தாள். இதை விட்டால் அடுத்து எப்போது வருவார்களோ. இடக்கண்ணும் மூடிக்கொண்டு வந்தது.

"நாளைக்குப் போறோம்."

"கத்தி வைக்கிறது கருவாட்டுக்கு. கண்ணுக்கு இல்ல."

லீமாரோஸ் உப்புத் துணியைப் பிடுங்கித் தொட்டியில் போட்டாள். மிச்சமிருந்த வில்லையை உலையில் போட்டு வேகவைத்தாள். வெந்ததை ஆறவைத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"சூடு குடுங்க."

அவர் பொத்தினார். தொடைக்கிடையே வைத்து அழுத்தினார். ஊதினார்.

"தெளிஞ்சிருச்சா?" என்று விரல்களை விரித்து அவளிடம் காட்டினார்.

"இல்ல. வெள்ளையாத்தான் இருக்கு."

"இன்னும் கொஞ்சம்." மறுபடி பொத்திக்கொண்டார்.

"எவ்வளவு நேரமும் வச்சிக்கோங்க. ஐஸில வெளுத்தது வேற அய்யா. உருண்டையெல்லாம் கூடி நின்னுச்சு, சூடு பட்டதும் விலகிருச்சு; மடிப்புக் கலையல. இது மடிப்பே அவுந்து, உள்ள ஒளிஞ்சிருந்ததெல்லாம் வெளிய வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருச்சு. உங்க கண்ணும் இந்தச் சாதி. அடுப்பில வேகல, வயசில வெந்திருக்கு. திரும்பாது. எடுக்கத்தான் வேணும்."

"நீ படிச்ச புள்ள, எதையும் சொல்லுவ."

அவள் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தாள். எழுந்திருக்கிற உத்தேசம் அவளிடம் இல்லை.

வெகுநேரம் கழித்து வேதமுத்து கையைத் திறந்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதை வாயில் போட்டுக் கடைவாயால் கடித்தார். பல்லில் கல் நெரிந்தது போல் ஒரு சத்தம். உள்ளங்கையில் துப்பினார்.

"கொழம்புல வெந்த மீன் கண்ணு மாதிரியே இருக்கு" என்றார். அப்புறம், "பஸ்ஸு எத்தன மணிக்கு?"

லீமாரோஸ் எழுந்து போனாள். கொடியில் கிடந்த அவருடைய வெள்ளைச் சட்டையை உருவி, ஈரம் போயிருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.