தண்ணீர்மேல் எழுதிய ஊர்

நான் வேலை பார்ப்பது சுசீந்திரத்திலிருந்து சற்றுத் தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில். ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒன்றும் இரண்டும் தலைமையாசிரியைக்கு. மூன்று, நாலு, ஐந்து எனக்கு. மூன்று வகுப்புக்கும் ஒரே அறை. சுவரில் கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. பாடத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டால் அதுவே பேசும், அதுவே பாடும், அதுவே கேள்வி கேட்கும். என் தொண்டைக்கு நல்ல ஓய்வு. சில நாட்களில், “சத்தம் போடாதிய மக்கா” என்பதைத் தவிர வேறொன்றும் பேசாமல் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருக்கிறேன். வீட்டிலும் பேச ஆளில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு ஒரு வங்காளத்துக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலுவழிச் சாலைக்குப் பாலம் கட்டும் வேலை அவருக்கு. வயலோரத் தகரக் கொட்டகைகளில் இருந்த குடும்பங்களில் பள்ளிக்கு வந்தது இந்த ஒரு பிள்ளைதான். எட்டு வயது. ஆதார் எண்ணை இணையப் பதிவேட்டில் ஏற்றி மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம்.

இரண்டு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. போர்டில் யானையோ மீனோ வந்தால் பார்ப்பாள். குரல் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள்.

“டீச்சர், இவ ஊமையா?” என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்.

“இல்ல மக்கா. அவளுக்கு நம்ம பேச்சு மனசிலாவாது. அவ பேச்சு நமக்கு மனசிலாவாது. அவ்வளவுதான்.”

அன்றே எனக்கு அந்த யோசனை வந்தது. பள்ளிக்குக் கொடுத்திருந்த டேப்லெட்டில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, “உனக்கு என்ன பிடிக்கும்?” என்று தமிழில் கேட்டேன். கருவிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அதை வங்காள மொழியில் சொன்னது. பிள்ளை வெடுக்கென்று நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, டேப்லெட்டைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று ஏதோ சொன்னாள். “என் ஆடு கருப்பு நிறமானது. அதற்கு நெற்றியில் வெள்ளை உள்ளது” என்றது கருவி. வகுப்பே கைதட்டியது. எனக்கு ஏதோ பரிசு வாங்கியதுபோல் இருந்தது.

அதன்பிறகு தினமும் கொஞ்ச நேரம் அவளுக்கென்று ஒதுக்கினேன். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று கேள்வி சொல்லித் தருவார்கள். கருவி பாதி சரியாகச் சொல்லும், பாதி உளறும். சோறு என்றதை ஒருமுறை சாவு என்று சொல்லிவிட்டது. அந்த உளறலுக்குச் சிரித்துச் சிரித்து நாங்கள் பழகிப்போயிருந்தோம்.

ஒருநாள் ‘என் வீடு’ என்று பாடம். “உங்கள் ஊரில் உன் வீடு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். அவள் மெதுவாக, ஒரே மூச்சில் சொன்னாள். கருவி சொன்னது: “எங்கள் வீட்டை நதி சாப்பிட்டுவிட்டது.”

“டீச்சர், ஆறு வீட்டத் தின்னுட்டாம்!” என்று அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் கத்தினான். “தொட்டுக்கக் கூட்டான் ஒண்ணும் வேண்டாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கருவியைப் பார்த்துத்தான் சிரித்தேன். ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். டேப்லெட்டை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நான் என்ன கேட்டாலும் பதில் இல்லை.

நாலைந்து நாள் கழித்து, நல்ல மழை. சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்தார். பல வருடம் கேரளத்தில் வேலை செய்தவர். உடைந்த மலையாளம் பேசுவார். நான் குளச்சல் பக்கத்தில் பிறந்தவள், மலையாளம் எனக்கு அந்நியமில்லை. மழை விடும்வரை வராந்தாவில் நின்றோம். சும்மா பேச்சுக்கு, “நாட்டில வீடு உண்டா?” என்று கேட்டேன்.

“வீடு இல்ல டீச்சர். புழ எடுத்து.”

ஆறு எடுத்துக்கொண்டதாம். எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அவர் கையை நீட்டி, விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக் காட்டினார். கரை இடிந்துகொண்டே வந்திருக்கிறது. முதலில் வயல். அப்புறம் தென்னை. அப்புறம் தொழுவம். ஒரு மத்தியானம், இவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வீடு.

“ஞங்ஙள் பறையும் டீச்சர், நதி தின்னு என்னு. எல்லாரும் அங்ஙனே பறையும்.”

ஆறு தின்றது என்றுதான் அவர்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்களாம். கருவி அன்று உளறவில்லை. ஒரு எழுத்து பிசகாமல் சொல்லியிருக்கிறது.

“ஆடு?” என்றேன்.

அவர் மழை விட்டதா என்று கையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு வேலையும் ஓடவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய காரியத்தைச் சொல்ல, பாடம் நடத்துகிறவள் பல்லைக் காட்டியிருக்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது. போனை எடுத்தேன். ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ பிறந்தநாள் வாழ்த்து, யாரோ வருகைப்பதிவு ஏற்றச் சொல்லி நினைவூட்டல். போனைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் அப்பாவிடம் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஸ்மார்ட் போர்டில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்தேன். முதலில் எங்கள் பள்ளி. பச்சை வயலுக்கு நடுவே எங்கள் ஓட்டுக்கூரை. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அங்கிருந்து வரைபடத்தை இழுத்துக்கொண்டே வடக்கே போனேன். போகப் போகச் சத்தம் அடங்கியது. எவ்வளவு தூரம் என்று அவர்களும் அதற்குமுன் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கடைசியில் கலங்கலான பெரிய ஆறு ஒன்று வந்தது. அவள் ஊரின் பெயர் இருந்தது. தண்ணீருக்கு நடுவில் இருந்தது. பெயருக்குக் கீழே ஊர் இல்லை.

அவள் எழுந்து வந்தாள். போர்டு உயரம் எட்டாததால் நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஏறி, அந்தப் பெயருக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, வெறும் தண்ணீரில் விரலை வைத்தாள்.

“அங்கயா அவ வீடு?” என்று அந்தப் பையன் கேட்டான்.

“ஆமா மக்கா. அவ சொன்னது நெசம். நாமதான் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன்.”

இடைவேளையில் அவன் தன் முறுக்கில் பாதியை ஒடித்து, அவள் கையில் கொடுக்க வெட்கப்பட்டு, பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினான்.

அவள் மறுபடியும் பேசத் தொடங்க ஒரு வாரம் ஆயிற்று. அதுவும் எல்லோர் முன்னாலும் இல்லை; சத்துணவு முடிந்து மற்றவர்கள் விளையாடப் போனபிறகு, எனக்கும் கருவிக்கும் மட்டும். ஒருநாள் அவளே கேட்டாள். “உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்?”

“யாரும் இல்லை. நான் மட்டும்.”

அவள் யோசித்துவிட்டு இன்னொன்று சொன்னாள். அந்த அலுங்காத பெண்குரல் அதைத் தமிழில் கேட்டது: “நீங்கள் மாலையில் சென்றால் யார் கதவைத் திறப்பார்கள்?”

என்னிடம் சாவி இருக்கிறது என்றேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, தன் உள்ளங்கையை என் புறங்கையின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களுக்குப் பிறகு என் கையை யாரும் அப்படித் தொட்டதாக நினைவில்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது அவள் வரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு, சாயங்காலம் வயலோரமாக நடந்து போனேன். பாலம் முடிந்திருந்தது. கொட்டகைகள் இருந்த இடத்தில் செங்கல் அடுப்புகளும் ஒரு கிழிந்த தார்ப்பாயும் கிடந்தன. அவள் அப்பாவின் எண்ணுக்கு அடித்தால், உபயோகத்தில் இல்லை என்றது.

நீண்ட நாள் வராத பிள்ளையை இணையப் பதிவேட்டில் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட வேண்டும். தமிழ்நாட்டில் வேறு பள்ளி ஏதாவது சேர்த்துக்கொண்டால் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். “டீச்சர், எத்தன நாளு ஆப்சென்ட் போடுவிய? மேல இருந்து கேள்வி வரும், பாத்துக்கிடுங்க” என்றார் தலைமையாசிரியை. மாற்றினேன். ஒரு பொத்தான், ‘உறுதியா?’ என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

அதன்பின் தினமும் காலையில் வருகைப்பதிவு ஏற்றியதும் அந்தப் பட்டியலில் அவள் எண்ணைத் தேடுவேன். இருக்கும். ஐப்பசி மழையிலும் இருந்தது, பொங்கல் கழிந்தும் இருந்தது. அந்தப் பட்டியலில் அவளை என்னைத் தவிர வேறு யாராவது தேடியிருப்பார்களா என்று தெரியாது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தேடினேன், இல்லை. எண்ணைத் தப்பாகப் போட்டேனோ என்று மறுபடி போட்டேன். இல்லை. அப்படியென்றால் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பள்ளி அவளை எடுத்துக்கொண்டது. எந்த ஊர் என்று திரை சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்களாயிருக்கும். கேட்டு என்ன செய்ய?

“என்ன டீச்சர், மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார் தலைமையாசிரியை.

“அந்த வங்காளப் பிள்ளைய எங்கயோ சேத்துட்டாவ.”

“நல்லதாப் போச்சு. ஒரு கணக்கு முடிஞ்சுது.” அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். “உங்க கிளாஸ் ஒரே இரைச்சலா கெடக்கு. போங்க.”

போனேன். போர்டை அணைத்துவிட்டு அன்றைக்கு நானே பாடம் நடத்தினேன்.