வயலினுக்கு அடியில் ஒரு தாளம்

ஒரு படத்தின் பின்னணி இசையைத் தனி ஆல்பமாக வெளியிட்டிருந்தார்கள். அதற்கு விமர்சனம் எழுத, வெண்ணந்தூர் வீட்டில் காலையிலிருந்து போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரையே கூட்டி வயலின் வாசிக்க வைத்தும் ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. எழுந்து நடந்தேன். மறுபடி போட்டேன். மறுபடி எழுந்தேன்.

"ஏனுங்க, ஒரு பக்கமா உக்காந்துதான் கேளுங்களேன்" என்று மனைவி சலித்துக்கொண்டாள்.

அடியில் தடதடவென்று விடாமல் ஓடிய தாளம் மட்டும் பிடித்திருந்தது. மொத்த இசையையும் அதுதான் தாங்குகிறது என்று எழுதிவைத்தேன்.

மதியம் கரண்ட் போனது. போனில் வயலின்கள் அழுதுகொண்டுதான் இருந்தன, தாளத்தைக் காணோம். எரிச்சலோடு சத்தத்தைக் கூட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் கேட்காமலே போய்விட்ட பக்கத்து வீட்டு விசைத்தறி நின்றிருந்தது.