தட்டில் கீறிய மாமாவின் நம்பர்

அப்பா பொத்தான் தொழிற்சாலையில் அச்சு அழுத்தும் இயந்திரத்தை ஓட்டினார். வாரத்தில் ஆறு நாள் அதிலிருந்து சட்டைப் பொத்தான்கள் விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை, காவலாளியின் தயவில், இசைத்தட்டுகள் விழுந்தன. பெயரோ முகமோ காட்டாத ஒருவர் கருவிகளை வைத்துச் செய்த மின்னணு இசை. அவருடைய ஒவ்வொரு தட்டுக்கும் அசலில் எண்பது பிரதிகளே வெளிவந்தன. அப்பாவின் திருட்டுப் பிரதிகளை வாங்க ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். அவருக்கு அந்த இசை பிடிக்காது. "ஃப்ரிட்ஜ் சாகப்போறப்ப இப்படித்தான் கத்தும்" என்பார்.

அவர் பயந்தது ஒரே ஆளுக்கு. அம்மாவின் அண்ணன், போலிச் சரக்கைப் பிடிக்கும் இலாகாவில் அதிகாரி. போலிச் சோப்பு விற்ற சொந்தப் பெரியப்பா மகனையே உள்ளே தள்ளியவர். மாமா வருகிறார் என்றால் தட்டுகள் கட்டிலுக்கடியில் போய்விடும்.

பாட்டு முடிந்தபின், தட்டின் நடுவே வெறுமையாக இருக்கும் வளையத்தில் ஒரு எண் இருக்கும். அசலில் உள்ள எண்ணை, அப்பா பிரதிகளுக்கு அச்செடுக்கும் மூலத்தட்டிலும் ஊசியால் கீறினால்தான் பிரதியை நம்புவார்கள். அப்பா ஊசியை வைத்த நேரம் அம்மா வாசலில் வந்து நின்றாள். "அண்ணன் நம்பர் மாத்திட்டாராம், காலண்டர்ல குறிச்சுக்கோங்க" என்றவள், ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். காது கேட்டதைக் கை கீறிவிட்டது. அச்சடித்த முந்நூறு தட்டுகளும் விற்றுப்போகும்வரை அப்பா அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமா வந்தார், கையில் ஒரு தட்டோடு.

"எவன் எவனோ போன் பண்ணி, ஐயா நீங்கதானே அந்த மியூசிக் போட்டவருன்னு கேக்கறான் மாப்ள. ஒருத்தன்கிட்ட இதை வாங்கிப் பாத்தேன். என் நம்பர். கழுத்துல கோடு போட்ட ஏழு. இப்படி ஏழு போடற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்."

அப்பா தரையைப் பார்த்தார்.

"காலண்டர்ல எழுதச் சொன்னேன்" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு" என்றார் மாமா.

"என்ன செய்யப் போறீங்க மச்சான்?" என்றார் அப்பா.

மாமா தட்டை மடியில் வைத்துத் துடைத்தார். "ஆபீஸ்ல என்னை எவனும் ஆளா மதிக்கறதில்ல. போன வாரம் ஒருத்தன் அழுதான். உங்க இசை இல்லன்னா நான் செத்திருப்பேன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நேரத்துக்குச் சாப்பிடு, சீக்கிரம் தூங்குன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டான்." தட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அடுத்த தட்டு எப்பன்னு எல்லாரும் கேக்கறாங்க. சீக்கிரம்னு சொல்லிட்டேன். என் பேச்சைக் காப்பாத்துங்க மாப்ள."

அதன்பின் அந்த இசைக்காரரின் இன்னும் பதினோரு தட்டுகளுக்கு அப்பா பிரதி போட்டார். எல்லாவற்றிலும் அதே நம்பர். கட்டிலுக்கடியில் செருப்புதான் இருந்தது.

போன மாதம் அப்பா இறந்த அன்று, மருத்துவமனை வராந்தாவில் மாமாவின் போன் அடித்தது. எடுத்து, "போயிட்டார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மறுநாளே எங்கெங்கோ ரசிகர்கள் இசைக்காரருக்கு இரங்கல் எழுதினார்கள். வாழ்நாளில் வாய் திறக்காத அந்த இசைக்காரர் முதல்முறையாக, தான் உயிரோடு இருப்பதாக அறிக்கை விட்டார். யாரும் நம்பவில்லை. சரிபார்க்க மாமாவைப் போனில் கூப்பிட்டார்கள்.

"உயிரோட இருந்தா நான் எதுக்குடா அழறேன்" என்றார் மாமா.