கூட்டத்துக்கு முன்னால் எழுந்துவிடுகிறவர்

இருட்டில் தோளில் ஒரு கை விழும். திரையில் அப்போது மழை கொட்டிக்கொண்டிருக்கும். கதாநாயகன் கிடங்கின் இரும்புக் கதவை உதைத்துத் திறந்திருப்பான். உள்ளே அவனுடைய அம்மாவையும் தங்கையையும் தூணில் கட்டிவைத்திருப்பார்கள். வில்லன் சிரித்து முடித்துத் துப்பாக்கியை எடுத்திருப்பான். சரியாக அந்த நேரம் பார்த்து அப்பாவின் கை என் தோளுக்கு வரும். "எந்திரி, எந்திரி. இப்போ கூட்டம் வந்துடும்." மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவர்களின் முழங்காலில் எல்லாம் இடித்து, அப்பா வரிசையாக "சாரி சார், சாரி சார்" என்று சொல்லிக்கொண்டே போக, திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தபடி நானும் அம்மாவும் பின்னால் போவோம். சிறு வயதில் நான் தியேட்டரில் பார்த்த படங்கள் எல்லாம் இப்படித்தான் முடிந்தன. அந்தத் தங்கைகளில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் ஒவ்வொரு முறையும் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படுவார். "இன்னா சார், கிளைமாக்ஸ் ஓடிக்கினு கீது, நீ பாட்டுக்கு கெளம்பிட்ட? படம் நல்லா இல்லியா?" அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "படம் நல்லாத்தான்பா இருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார். நல்ல படத்திலிருந்து ஒரு மனிதன் எதற்கு எழுந்து வரவேண்டும் என்று அந்த டிக்கெட்காரருக்குப் புரிந்ததில்லை. எங்களுக்கும் புரிந்ததில்லை.

அப்போது செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வீடுகள் குறைவு, பஸ் அதைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் ஆராதனை இருப்பதால் எங்கள் சினிமா எப்போதும் சனிக்கிழமைதான். மத்தியானமே கிளம்பித் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்துவிடுவோம். அம்மாவுக்கு ஒரு ரவிக்கைத் துணி, எனக்கு ரப்பர் பேண்ட், மாட்டல், வளையல் என்று நடைபாதைக் கடைகளில் ஏதாவது கிடைக்கும். புதுப் படம் ஒன்று ஓட ஆரம்பித்தால் போதும், அந்தக் கதாநாயகி போட்ட கம்மல் அந்தப் படத்தின் பெயரிலேயே தட்டில் வந்து உட்கார்ந்துவிடும். அதை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டுதான் படத்துக்குள் போவேன். திங்கட்கிழமை பள்ளியில் பெண்கள் கம்மலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "படம் பாத்துட்டியா? கடைசில அவ அவனைக் கட்டிக்கிட்டாளா?" என்று கேட்பார்கள். காதில் படத்தின் கம்மல் தொங்கும், வாயில் பதில் இருக்காது. அந்த அவமானம் ஒரு பிள்ளைக்குக் கொஞ்சமா என்ன?

அப்பாவின் வேலை பாரிமுனையில். முப்பது வருடம் போல மின்சார ரயிலில் போய்வந்தவர். எந்தப் பெட்டியில் ஏறினால் தாம்பரத்தில் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம் என்பது அவருக்கு அத்துப்படி. சானடோரியம் வருவதற்குள்ளேயே எழுந்து கதவருகில் போய் நின்றுவிடுவார். வண்டியோ தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டி. எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும், யாரையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடிவிடப் போவதில்லை. ஆனாலும் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. கூட்டம் என்பது அவருக்கு ஏதோ பின்னால் துரத்திக்கொண்டு வருகிற மாடு. அதற்கு முன்னால் போய்விடவேண்டும், அவ்வளவுதான். போய் என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஏனென்றால் நாங்கள் அவசர அவசரமாக வந்து நிற்கிற பஸ் ஸ்டாப்பில் பஸ் இருக்காது. ஒரு தடவைகூட இருந்ததில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆளில்லாத நிழற்குடையில் மூவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கொஞ்ச நேரத்தில் தியேட்டர் கதவு திறக்கும். மொத்தக் கூட்டமும் விசிலடித்துக்கொண்டு அங்கேயே வந்து எங்களைச் சுற்றி நிற்கும். "மச்சான், கடைசில அந்த ஜீப்ப தூக்கி அடிச்சான் பாரு!" என்று ஒருவன் ஆரம்பிப்பான். இன்னொருவன் நடுரோட்டிலேயே அதை நடித்துக் காட்டுவான். காசு கொடுத்து உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டிய கிளைமாக்ஸை நாங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று காதால் கேட்டோம். பிறகு வருகிற பஸ்ஸில் அந்தக் கூட்டத்தோடுதான் நசுங்கிக்கொண்டு ஏறுவோம். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வெண்ணெ திரண்டு வரும்போது தாழிய உடைக்கிறதே இவருக்குப் பொழப்பு" என்பாள். அப்பாவோ அடுத்த சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் முன்னால் எழுந்திருக்கவேண்டும் என்று பேசுவார்.

ஸ்கூட்டர் வாங்கினால் இந்தப் பஸ் தொல்லை தீர்ந்துவிடும் என்று நம்பினோம். ஸ்கூட்டர் வந்தது. இப்போது ஸ்டாண்டில் வண்டி உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று எழுந்தார். எங்கே போனாலும் வண்டியின் முகத்தை கேட்டைப் பார்த்துத்தான் நிறுத்துவார், கல்யாண வீட்டிலும் சரி, சாவு வீட்டிலும் சரி. அப்புறம் டிவி வந்தது. வீட்டுக் கூடத்தில் என்ன கூட்டம்? ஆனால் கடைசிச் சண்டை ஆரம்பித்ததும் அப்பா எழுந்து கேட் பூட்டியிருக்கிறதா, மோட்டாரை நிறுத்தியாச்சா என்று பார்க்கப் போய்விடுவார். போகிறபோது விளக்கைப் போட்டுவிட்டு, "பாத்தது போதும், படுங்க" என்பார். பஸ் ஒரு சாக்கு, எதையும் கடைசி வரை உட்கார்ந்து பார்க்க அவரால் முடியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சல் ஒரே ஒரு நாள் அழுகையாக மாறியது. பள்ளி ஆண்டு விழாவில் கடைசி நிகழ்ச்சி எங்கள் வகுப்பின் நடனம். அந்த வருடம் தெருவெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினோம். பச்சை ஜிகினாப் பாவாடையை அம்மா இரவெல்லாம் உட்கார்ந்து தைத்திருந்தாள். நான் முன்வரிசையில், நடுவில். திரை விலகியதும் முதலில் அப்பாவைத்தான் தேடினேன். அம்மா உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. ஆடி முடித்து மூச்சிரைக்க வெளியே ஓடினால், கேட்டுக்கு நேரே ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏறு, ஏறு. பாத்தியா, மொத ஆளா வந்துட்டோம்!" அவர் நல்லதுதான் செய்தார், நான் கூட்டத்தில் நசுங்கக்கூடாது என்றுதான் செய்தார். அதுதான் ஆத்திரம். கெட்டவர் என்றால் சண்டை போட்டிருக்கலாம். இவரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? வீடு வரைக்கும் அவர் முதுகில் சாய்ந்து அழுதேன், காற்றுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. "ஒரு படமாவது 'வணக்கம்' போடுற வரைக்கும் உங்கப்பா பக்கத்துல உக்காந்து பாத்துடணும்டி" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னவள், அதைப் பார்க்காமலே போய்விட்டாள். அப்பா எண்பதை நெருங்குகிறார். என்னோடு செம்பாக்கத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். எங்கள் பகுதியில் சனிக்கிழமைகள் முன்பு போல் இல்லை. என் அலுவலகத்துப் பெண்கள் கோவளத்தில் அலைச்சறுக்குக்குப் போகிறார்கள், சுவரில் றெக்கை வரைந்து வைத்திருக்கும் காபிக் கடைகளில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நான் தாம்பரம் நடைபாதையில் வாங்கிய அதே ஜிமிக்கியை 'விண்டேஜ்' என்று பத்து மடங்கு விலைக்கு வாங்கிவந்து காட்டுகிறார்கள். திங்கட்கிழமை "உங்க வீக்கெண்ட் எப்படி?" என்று கேட்கும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தைக் கடைசி வரை பார்க்கவேண்டும். அம்மாவுக்கும் சேர்த்து.

போன மாதம் அதற்கு நாள் குறித்தேன். சனிக்கிழமை மத்தியானக் காட்சி, ரேடியல் ரோட்டுப் பக்கத்து மாலில். அவர் காலுக்கு வசதியாக லிஃப்டுக்கு அருகில் காரை நிறுத்தினேன். சுவரோரமாக அவரை உட்காரவைத்து, நடைபாதைப் பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன். எழுந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். எல்லோரும் புகழ்கிற படம். முடிவு தெரிந்துவிடக்கூடாது என்று ஒரு விமர்சனம்கூடப் படிக்கவில்லை, என் மகன் போனில் ஏதோ சொல்லவந்தபோதுகூட, "வாயத் தொறக்காத" என்று வைத்துவிட்டேன். இத்தனை வருடம் காத்திருந்த முடிவை இன்னொருவர் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை.

துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவரின் கதை. இடைவேளை வரை அப்பா பாப்கார்ன் விலையைப் பற்றியே பேசினார். அதன்பிறகு பேச்சு நின்றுவிட்டது. கடைசியில், கடலோரம், தம்பிதான் தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று தெரிந்து அண்ணன் துப்பாக்கியை நீட்டுகிறான். அப்பாவின் கால் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "உக்காருங்கப்பா. பஸ் இல்ல, ஸ்கூட்டர் இல்ல. நம்ம கார் எங்கயும் போகாது." அவர் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து ரகசியமாக, "கூடப்பொறந்தவன சுட்டுடுவானாம்மா?" என்று கேட்டார். அப்பா ஒரு கதைக்குள் அவ்வளவு தூரம் போய் நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் அவர் மணிக்கட்டை அழுத்தினேன். "இருங்க, பாப்போம்" என்றேன்.

அண்ணன் குறிபார்த்தான். தம்பி கண்ணை மூடினான். திரை கறுத்தது. ஒரு வெடிச் சத்தம். அதன்பிறகு பெரிய பெரிய எழுத்தில் வந்தது: இரண்டாம் பாகத்தில் சந்திப்போம்.

விளக்குகள் எரிந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னது, அவ்வளவுதானா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். முன் இருக்கைக் கல்லூரிப் பெண் திரும்பிப் பார்த்து, "ஆன்ட்டி, இது பார்ட் ஒன் ஆன்ட்டி. எல்லாருக்குமே தெரியுமே!" என்றாள். எல்லாருக்கும் தெரியும். மகனும் அதைத்தான் சொல்லவந்திருக்கிறான். அப்பா அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பெயர்கள் ஓடி முடிந்து, துப்புரவுப் பெண் துடைப்பத்தோடு உள்ளே வந்த பிறகுதான் கேட்டார். "மீதி எப்ப வரும்?"

போனில் தேடிப் பார்த்தேன். "ரெண்டு வருஷம் ஆகும்னு போட்டிருக்காங்கப்பா."

"ரெண்டு வருஷமா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. சின்ன வயதுக்காரர்கள் எடுத்து, சின்ன வயதுக்காரர்கள் பார்க்கிற படம். அவர்களுக்கு இரண்டு வருடம் என்பது ஒரு போஸ்டர், ஒரு டீசர், ஒரு பாட்டு. ஒரு மனிதரை வாழ்நாளில் முதல்முறையாகக் கடைசி வரை நாற்காலியில் உட்காரவைக்க நான் பட்ட பாடு இவர்களுக்குத் தெரியுமா? கதையை முடிக்க வக்கில்லாவிட்டால் எதற்குத் தொடங்குகிறார்கள்?

கீழே போனால் அப்பா பயந்தபடியே ஆகியிருந்தது. நான்கு திரைகளிலும் காட்சி ஒரே நேரத்தில் விட்டு, அடித்தளத்திலிருந்து மேலேறும் சரிவில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு நின்றன. புகையும் ஹாரனும் தாங்கவில்லை. "அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி அவர் மெதுவாக, "அந்த ரெண்டாவது படம் வந்தா, நான் இருந்தா கூட்டிட்டுப் போ" என்றார். "இல்லன்னா நீ மட்டும் போய்ப் பாத்துடு. பாதில எழுந்து வந்துடாத, என்ன? முழுசா பாரு."

ஹாரனை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். முன்காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி என்னைத் திட்டினார். திட்டட்டும்.