ஒட்டாத உறை

போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் கிளிநொச்சியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு லண்டனில் நிதியியல் முதுமாணி படிக்கும் ஆசை பிடித்தது. படித்து முடித்து ஹெட்ஜ் ஃபண்ட் ஒன்றில் சேரவேண்டும். பணக்காரர்களின் பணத்தை வாங்கி, விலை ஏறினாலும் இறங்கினாலும் இலாபம் பார்க்க முயல்கிற நிறுவனங்கள் அவை. வீட்டில் சொன்னபோது அம்மா, "சீட்டுப் பிடிக்கிற மாதிரியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். விளங்கப்படுத்தத் தெம்பில்லை.

அந்த வருடம் முழுக்கக் களைப்புத்தான். கிழமை நாட்களில் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் வவுனியாவுக்கு பஸ், அங்கே இன்ரநெற் கடையில் விண்ணப்பம், இருட்டுவதற்குள் திரும்பி வரவேண்டும். ஐந்து இடங்களுக்குப் போட்டதில் நாலு கைவிரித்துவிட்டன. ஐந்தாவது இடம் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் கேட்டது. எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் தன்னுடையதை நேரே அனுப்பிவிட்டார். மற்றது வேலைசெய்யும் இடத்திலிருந்து வரவேண்டும். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் எழுதியவரின் கையெழுத்தும் இருக்கவேண்டும்.

அதை எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஒரு கிழமை எடுத்து எழுதினார். உறையின் மூடியை மடித்துப் பிடித்து, பாதி மூடியிலும் பாதி உறையிலுமாகக் கையெழுத்திட்டார். ஆனால் ஒட்டவில்லை. வவுனியாவுக்குப் போகிற வழியில் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் ஒட்டிய உறையைக் கிழித்துப் பார்ப்பார்கள் என்பதால், அந்தப் பாதையால் போகிற எவரும் கடிதத்தை ஒட்டிக்கொண்டு போவதில்லை.

"ஓமந்தை கடந்தாப் பிறகு ஒட்டுங்கோ ரீச்சர். கையெழுத்துப் பொருந்தவேணும், கவனம்."

"ஓம் மிஸ்."

"நல்லா எழுதியிருக்கிறன்."

சோதனைச்சாவடியில் ஒரு பெண் சிப்பாய் கடிதத்தை விரித்துப் பார்த்துவிட்டு விரித்தபடியே தந்தார். வாசிக்கக்கூடாது என்று தெரியும். வாசித்தேன்.

'இவருக்குக் காசில் ஆசை கிடையாது' என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கியது. சூதாடாதவர். பெற்றோர் சொல்லைத் தட்டாதவர். யோசிக்காமல் எதிலும் கால் வைக்காதவர். கடைசியில், 'படிப்பு முடிந்ததும் எங்கள் பிள்ளைகளிடமே திரும்பி வருவார் என்று நான் உறுதி தருகிறேன்.' எங்கள் பக்கத்தில் நற்சான்றிதழ் என்றால் இப்படித்தான். கலியாணப் பேச்சுக்குக் கொண்டுபோயிருந்தால் அன்றைக்கே முற்றாகியிருக்கும்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். கடைசி வரியை இரண்டாம் தரம் வாசித்தபோது வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வருகிற எண்ணமே எனக்கு இருக்கவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவுமில்லை.

அன்று அனுப்பினால்தான் முடிவுத் திகதிக்குள் போய்ச் சேரும். ஆனால் அந்த உறுதியோடு அதை அனுப்ப மனம் வரவில்லை. வேறு கடிதம் கேட்கலாம்தான். ஆனால் எனக்குக் காசாசை உண்டு என்று எழுதித் தாங்கோ மிஸ் என்று எந்த முகத்தோடு கேட்பது? வவுனியாவில் கூரியர் கடையில் சான்றிதழ்களை மட்டும் அனுப்பினேன். கடிதத்துக்கு இரண்டு கிழமை அவகாசம் தாருங்கள் என்று மின்னஞ்சல் போட்டேன். அதற்குள் வேறு யாரையாவது பிடிக்கலாம் என்று கணக்கு. அவகாசம் தருவதில்லை, விண்ணப்பம் முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது. யானை தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்ட கதைதான்.

அதிபர் ஒவ்வொரு திங்களும் விசாரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னேன்.

"கிடைக்கேல்லை மிஸ்."

"அடுத்த வருசமும் போடுங்கோ. இதைவிட நல்லா எழுதித் தாறன்."

"வேண்டாம் மிஸ். நான் இஞ்சையே இருக்கிறன்."

அவர் கதிரையை விட்டு எழும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும் ரீச்சர். நீங்கள் பிள்ளையளை விட்டிட்டுப் போகமாட்டியள் எண்டு தெரிஞ்சுதான் அப்பிடி எழுதினனான்."

ஓம் என்று சொன்னேன்.