ஜமால் பாய் கடைக்குப் பின்னால் கிடைத்த கல்

ஜமால் பாய் போய்விட்டார். ஜாசின் மார்க்கெட் பக்கம் மசாலா சாமான் கடை வைத்திருந்தாரே, அவர்தான். காலையில் அவர் மகன் பைசல் போன் பண்ணினான். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

என் போட்டோஸ்டாட் கடைக்கு அடுத்த கடை. டீ சொன்னால் எனக்கும் சேர்த்துத்தான் சொல்வார்.

போன வருஷம் அவர் கடைக்குப் பின்னால் சாக்கடைத் தண்ணீர் போக லோங்காங் தோண்டும்போது ஒரு கல் வந்தது. மேலே எழுத்து மாதிரி ஏதோ கோடுகள். அவ்வளவுதான்... பிடித்தது சனி.

முதலில் நம்ம ஆட்கள் கேமராவோடு வந்தார்கள். "சோழர் கல்லு பாய்! இனிமே நம்மள வந்தேறின்னு எவன் சொல்லுவான்?"

அப்புறம் மலாய்க்காரர்கள் ஒரு கூட்டம். அது சுல்தான் காலத்துக் கல்லறைக் கல்லாம், அவர்கள் மண்ணுக்குச் சாட்சியாம். மியூசியத்திலிருந்து ஆள் வருவதற்குள் கல்லுக்கு ரெண்டு வரலாறு.

ஒரு வெள்ளிக்கிழமை எஸ்டேட்டிலிருந்து வேனில் வந்தவர்கள் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டார்கள். கல்லைக் கண்டால் நமக்குத்தான் கை சும்மா இருக்காதே!

"கும்புட்டுட்டுப் போவட்டும்லா. வந்தவங்கள வெரட்டவா முடியும்?" என்று பாய் சிரித்தார். கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

அவர் வாளியோடு நிற்கிற படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பாய் கல்லுக்குப் பூஜை பண்ணுகிறாராம்! தொழப் போகிற சூராவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். யாரோ கடை ஷட்டரில் பெயிண்ட் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

"நா செத்தா தொழ வருவாங்களா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார்.

"என்ன பேச்சு பாய் இது!" என்றேன்.

இன்று காலையிலேயே வாட்ஸ்அப்பில் போஸ்டர் வந்துவிட்டது. மஞ்சள் பூசின கல், பக்கத்தில் பாய் முகம். 'சோழர் கல்லைக் காத்த தமிழர்'. அடப்பாவிகளா, இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லையே!

பைசல் மறுபடியும் கூப்பிட்டான். "அண்ணே, அத்தாவ அடக்கம் பண்ற வரைக்குமாவது அந்தப் போஸ்டர எடுக்கச் சொல்லுங்கண்ணே. வீட்டு முன்னால யாரோ நிக்கிறாங்க. போன்ல அதத்தான் பாக்கிறாங்க. உள்ள வர மாட்டேங்கிறாங்க, போகவும் மாட்டேங்கிறாங்க."

போஸ்டர் போட்டவரைப் பிடித்துக் கேட்டேன். "ஷேர் நல்லா போய்க்கிட்டிருக்கு ப்ரோ," என்றார்.

அஸர் தொழுகை முடிந்து அடக்கம். கேமராவோடு யாரும் நுழைந்துவிடாமல் பார்க்க, மார்க்கெட் ஆட்கள் நாலைந்து பேர் மையவாடி கேட்டுக்கு இப்போதே கிளம்புகிறோம்.

நீங்க உள்ள போங்க பாய்... நாங்க வெளிய நிக்கிறோம்.