ஆடியது சைக்கிள்தான்

பழைய ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள் என்று பேத்தி என்னை இழுத்துப்போனாள். ஓரிடத்தில் ஸ்லீப்பர் கட்டைகளை எடுக்காமல் விட்டிருந்தார்கள். அவற்றின்மேல் சைக்கிள் சக்கரம் ஏறியதும் என் பல்செட்டு தடதடவென்று ஆடியது. சட்டென்று இறங்கிவிட்டேன்.

அறுபதுகளில் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு டிராலி லைன் கைவிடப்பட்டுக் கிடந்தது. பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டிருந்ததால் எங்களுக்குள் நல்ல பொருத்தம். அப்பா ஷிப்டுக்கு நடந்து போகிற நாளில் அவருடைய சைக்கிளைக் கட்டைகள்மேல் ஓட்டியபடி "ஆ" என்று கத்துவேன். குரல் துண்டுதுண்டாக உதறும். பெரிய வித்துவான் என்று நினைப்பு.

அன்றும் அப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது அம்மா கொண்டை அவிழ ஓடிவந்தாள்.

"இன்னாடா பாட்டு? பூமியே ஆடிச்சே, தெரியலியா?"

"சைக்கிள்தாம்மா ஆடுச்சி!"

"பாழாப்போறவனே! சுரங்கத்துல கீழ இடிஞ்சிருக்கு. உங்கப்பா உள்ளதான் கீறாரு. மிதிடா!"

கேரியரில் ஏறிக்கொண்டாள். எழும்பி நின்று மிதித்தேன். அம்மாவின் கனத்துக்குச் சக்கரம் அசையவே இல்லை. அவள் குதித்து இறங்கி ஓடினாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஷாஃப்ட் வாசலில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மேலே வரும்போதெல்லாம், இறங்குகிற கறுத்த முகங்களை அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிக் கேஜிலும் அப்பா இல்லை.

முன்னால் போன பேத்தி திரும்பி வந்தாள். நான் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தேன்.

"இன்னா தாத்தா, பல்செட்டு விழுந்துச்சா?"

"இல்லம்மா. ஆடுனது சைக்கிள்தானான்னு பாக்குறேன்."